என் கேரக்டர் அப்படித்தான்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு தோழியின் பையிலிருந்து மருந்துக் குப்பியைத் திருடி விற்றேன். விளையாட்டில்தான். ஆனாலும் அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று யோசித்ததில் எழுதியது இது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியிராதவர்களுக்காகச் சுருக்கமாக: நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துவார்கள். ஒருவர் மட்டும் டன்ஜன் மாஸ்டர். அந்த உலகமும் அதிலுள்ள எதிரிகளும் அவர் பொறுப்பு. நினைத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில், இவன் ஏன் குகைக்குள் போகிறான் என்ற கேள்விக்குப் பெரிய பதில் தேவைப்படவில்லை. புதையல் எடுத்தால் அனுபவப் புள்ளி கிடைக்கும், அது போதும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் கேரக்டர் ஷீட்டிலோ குணம், லட்சியம், பிணைப்பு, குறை என்று நாலு கட்டங்கள். அவற்றைப் பார்த்ததும் நமக்குள் தூங்கும் நாவலாசிரியன் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

எனக்கும் எழுந்தான். என் திருடனுக்கு மூன்று பக்கம் முன்கதை எழுதினேன். பஞ்ச காலம். தங்கை பசியில் சாகிறாள். பக்கத்து வீட்டில் தானியம் இருக்கிறது. போய் எடுக்க இவனுக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து கைக்கு எட்டும் எதையும் அவன் விடுவதில்லை. படித்தவர்கள் எல்லாம் "செம மோட்டிவேஷன்டா" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தோழி ஆடியது ஒரு கிளெரிக், அதாவது காயங்களை ஆற்றும் பூசாரி. எட்டு மாதமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரம். ஓர் இரவு, கதையில் எல்லோரும் தூங்கும் நேரத்தில், டன்ஜன் மாஸ்டருக்கு ரகசியமாக மெசேஜ் அனுப்பினேன். குப்பி என் கைக்கு வந்தது. விதிப்புத்தகத்தில் அதன் விலை 50 பொன். நான் அதைவிடக் குறைத்தே விற்றேன். அடுத்த வாரச் சண்டையில் கிளெரிக் விழுந்தாள். இன்னொருவன் ஓடிப்போய் அவள் பையைத் திறந்தான். குப்பி இல்லை. பகடையும் கைவிட்டது.

மேஜையில் யாரும் பேசவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "என்ன பண்றது, என் கேரக்டர் அப்படித்தான்" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. ஷீட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்: "சரி. அந்தக் கேரக்டரை எழுதினது யாரு?"

நான் சொன்ன அந்த வாக்கியம் இந்த விளையாட்டு உலகத்தில் ரொம்பப் பிரபலமான சாக்கு. மேஜைக்கு வெளியேயும் அதற்குப் புழக்கம் உண்டு. வீட்டில் கத்தித் தீர்த்துவிட்டு, "எனக்குக் கோவம் வந்தா அப்படித்தான்" என்கிறோமே, அதே சாக்குதான். சார்த்தர் 1943இல் வெளியிட்ட 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஒரு கஃபே பணியாளைக் காட்டுகிறார். அவருடைய நடை, குனிவு, பணிவு எல்லாமே கொஞ்சம் அளவுக்கு மீறிக் கச்சிதம். பணியாள் என்ற வேடத்தைத் தவிரத் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்பதுபோல அவர் நடந்துகொள்கிறார். வேறு மாதிரி நடக்கத் தனக்கு இருக்கும் சுதந்திரத்தை மறந்துவிடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். ஒரு வேடத்தை நானே தைத்து, நானே போட்டுக்கொண்டு, கடைசியில் பழியை அதன்மேல் போட்டேன்.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. தோழி மனம் நோகக்கூடாது என்பதற்காகத் திருடனை நல்லவனாக்கினால், அது அந்தப் பாத்திரத்துக்குச் செய்யும் துரோகம் ஆகாதா? பாத்திரத்துக்கு உண்மையாக இருப்பதும் ஒரு நேர்மைதானே?

பல நாள் இதில் சிக்கிக்கிடந்தேன். வெளியே வர உதவியது 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் போரோமிர். அவனுடைய நோக்கம் எளியது: தன் நாடான கோண்டோரை, தன் மக்களைக் காப்பாற்ற வேண்டும். அந்த நோக்கம்தான் ஃப்ரோடோவிடமிருந்து மோதிரத்தைப் பிடுங்க அவனைத் தள்ளுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே போரோமிர், மெர்ரியையும் பிப்பினையும் காக்கப் போராடி அம்புகள் தைத்து விழுகிறான். காக்க வேண்டும் என்ற ஒரே வேகத்திலிருந்து இரண்டு காரியங்கள். எதையும் பொய் என்று சொல்ல முடியாது. சாகும்போது தன் தவறை அரகோர்னிடம் ஒப்புக்கொள்கிறான். நாட்டுக்காகச் செய்தேன் என்று நோக்கத்தின் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

என் திருடனைத் திரும்பிப் பார்த்தேன். தங்கை சாவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன். அப்படிப்பட்டவன் இன்னொரு பெண்ணைக் காப்பாற்றக்கூடிய மருந்தைத் தொடவே கை நடுங்கியிருக்கலாம். தன் பங்கையும் அவள் பையில் போட்டிருக்கலாம். அதே மூன்று பக்கத்திலிருந்து அதுவும் வந்திருக்கும். இரண்டில் ஒன்றை எடுத்தது நான். எடுத்ததற்குக் காரணம் பஞ்சமும் இல்லை, தங்கையும் இல்லை. ரகசியமாகத் திருடுவது ஜாலியாக இருந்தது, அவ்வளவுதான்.

லூக் கிரேன் 2002இல் வெளியிட்ட 'பர்னிங் வீல்' என்ற விளையாட்டை அதற்குப் பிறகுதான் படித்தேன். அதில் முன்கதையைவிட முக்கியம், பாத்திரத்துக்கு எழுத வேண்டிய மூன்று நம்பிக்கைகள். அவற்றை உரசிப் பார்ப்பதே ஆட்டத்தை நடத்துபவரின் வேலை. நம்பிக்கையின்படி நடந்தால் வெகுமதி. உள்ளுக்குள் போராடி அதை மீறினாலும் வெகுமதி. மீறவே முடியாத நம்பிக்கையை எழுதி வைத்தால் ஆட்டத்தில் அதற்கு வேலையே இல்லை. நான் எழுதியது அந்த வகை. காயம் ஆழமாக இருந்தால் நோக்கமும் வலுவாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். வேறு வழி திறந்திருக்கும்போதும் ஒருவன் எதற்காக எதை இழக்கத் தயாராகிறான் என்பதில்தான் அந்த வலு தெரியும். அந்த இடத்துக்கு என் திருடனை நான் கொண்டுபோகவே இல்லை.

தோழி வேறொரு பாத்திரத்தோடு ஆட்டத்துக்குத் திரும்பினாள். கதைக்குள் யாருக்கும் குப்பி போன விஷயம் தெரியாது. சில வாரம் கழித்து, ஒரு இரவுக் காவலின்போது, என் திருடன் எல்லோரையும் எழுப்பி நடந்ததைச் சொன்னான். டன்ஜன் மாஸ்டர் நிறுத்திக் கேட்டார்: "இவன் இதை இப்ப ஏன் சொல்றான்? ஷீட்ல அப்படி எதுவும் இல்லையே?"

"ஷீட்ல இல்ல" என்றேன். "நான்தான் சொல்ல வைக்கிறேன்."