சொல்லப்படாத ஐயம்

மலைச்சரிவில் படிந்திருக்கும் வெண்பனி ஒரே திரளாகத் தோன்றினாலும், அது அடுக்கடுக்காக அமைந்தது. மேகமற்ற குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் தோன்றுகின்றன. கண்ணுக்கு அழகிய இவற்றின்மீது புதுப்பனி விழுந்து மூடும்போது, இவையே உள்ளே மறைந்த வலுவற்ற அடுக்காகின்றன. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில், இறுகிய மேற்பனி பலகைபோல் அந்த அடுக்கின்மேல் நிற்கிறது. ஒரு மனிதரின் எடையே சில வேளைகளில் அதை முறிக்கப் போதும்; பலகை பிளந்து பெருஞ்சரிவாகப் பாய்கிறது.

பொழுதுபோக்கிற்காக மலைக்குச் சென்று பனிச்சரிவில் மாண்டவர்களுள் பெரும்பாலோரைக் கொன்ற சரிவு, அவர்களாலோ அவர்களுடன் சென்றவர்களாலோ தூண்டப்பட்டதே. எனவே இதனை இயற்கையின் சீற்றம் என்று மட்டும் கூறி நாம் ஒதுங்கிவிட இயலாது.

2012 பிப்ரவரி 19 அன்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்குத் திடலின் எல்லைக்கு வெளியே, டனல் கிரீக் என்னும் சரிவில் இறங்க 16 பேர் திரண்டனர். அம்மலையை நன்கறிந்தவர்களும், பனிச்சறுக்கையே தொழிலாகக் கொண்டவர்களும் அவர்களுள் இருந்தனர். அன்று பனிச்சரிவு எச்சரிக்கையும் வெளியாகியிருந்தது. பனி சரிந்து மூவர் மாண்டனர். குழு மிகப் பெரியது, சூழல் சரியில்லை என்ற கலக்கம் சிலருடைய உள்ளத்தில் எழுந்திருந்தது. ஆயினும் அவர்கள் அதை வெளியே சொல்லவில்லை.

மௌனம் காத்தவர் குற்றவாளியா? மாண்டோரையும் மீண்டோரையும் தீர்ப்பிட நாம் யார்? ஆனால் அந்த மௌனத்தின் இயல்பை ஆராய்வது நம் கடமை. அது கோழைத்தனமன்று. 'என்னைவிட அறிந்தவர்கள் இருக்கிறார்களே' என்னும் அடக்கம் அது. பிறர் மகிழ்ச்சியைக் கெடுக்க விரும்பாத பண்பும் அதில் உண்டு. இயன் மெக்கேமன் என்னும் ஆய்வாளர் அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து, பழகிய இடம் என்ற துணிவும், வல்லுநர் உடனிருக்கிறார் என்ற நம்பிக்கையும், பிறரின் ஏற்பை நாடும் விருப்பமும் மனிதரின் தீர்ப்பை மயக்குவதை எடுத்துக்காட்டினார்.

ஐயம் அறிவாகாது என்பது உண்மையே. ஐயுறுபவர், 'இச்சரிவு விழும்' என்று உறுதி கூற முடியாது. ஆனால் உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே பேச வேண்டும் என்ற நியதி எங்கிருந்து வந்தது? தம் ஐயத்தைப் பொதுவில் வைப்பவர் எவர்மீதும் ஆதிக்கம் செலுத்துவதில்லை; எல்லோரும் சேர்ந்து எடைபோட வேண்டிய ஒன்றை அவர்கள் முன் வைக்கிறார். அதை மறைப்பவரோ, தாழ்ச்சி என்னும் பெயரால், தம் மனச்சான்றின் பணியைப் பிறர் தோளில் ஏற்றிவிடுகிறார். அவ்வாறே ஒவ்வொருவரும் மற்றவரை நம்பி நிற்கும்போது, உண்மையில் முடிவெடுப்பவர் எவருமே இல்லாமற்போகிறார்.

பொறுப்பு மௌனமானவருக்கு மட்டும் உரியதன்று. கேட்கப்படாத இடத்தில் எளியவர் எங்ஙனம் பேசுவார்? ஆதலால்தான் பனிமலைப் பயணத்தைக் கற்பிப்போர் பலர் ஒரு நெறியை வலியுறுத்துகின்றனர்: புறப்படுமுன் ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், ஒருவர் 'வேண்டாம்' என்றாலும் அனைவரும் திரும்ப வேண்டும். அந்த ஒருவர் குழுவில் மிகக் குறைந்த அனுபவம் உடையவராகவும் இருக்கலாம்.

அவ்வாறு திரும்பியபின் அச்சரிவு விழாமலே போகலாம். அவர் நகைப்புக்கும் ஆளாகலாம். அந்நகைப்பைத் தாங்கும் துணிவு அவருக்கும், அவரை நகையாத பண்பு ஏனையோருக்கும் வேண்டும். நம்மிடையே அவ்விரண்டும் உண்டா எனச் சிந்திப்போம்.