வாய்பேசாதவர் பெற்ற திருவடி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

வாய்பேச இயலாத ஒருவரை எம்பெருமானார் தனியே அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, தம் திருவடிகளே தஞ்சம் என்று சைகையாலே காட்டி, அவற்றை அவர் தலையில் வைத்தருளினார். கதவிடுக்கில் சேவித்த கூரத்தாழ்வான், தாம் கற்ற கல்வியே இப்பேற்றுக்குத் தடையாயிற்றே என்று கலங்கினார் எனப் பெரியோர் பணிப்பர்.

இங்கே நாம் நோக்க வேண்டியது, சிஷ்யன் பேச்சுக்கு ஏறி வரட்டும் என்று ஆசார்யன் காத்திருக்கவில்லை. தாமே அவன் மொழிக்கு இறங்கினார் என்பது. பிரபத்தியும் வாக்கால் மட்டுமன்று, மனத்தாலும் காயத்தாலும் ஆகுமன்றோ!

ஸ்ரீவில்லிபுத்தூர் அரையர் சேவையில் பாசுரம் இசையோடு நில்லாது, அபிநயமாகவும் விரிகிறது. (அபிநயம் வேறு, தனி இலக்கணமுடைய சைகைமொழி வேறு, ஆயினும் இரண்டும் கண்ணுக்கு விருந்து.) ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு சேவிக்க வரும் செவிகேளாத ஒரு பெண்பிள்ளையை, "இவளுக்கு என்ன புரியும்" என்று தூணுக்குப் பின்னே நிறுத்தினால், அந்தக் கைகளும் அவளுக்கு மறைந்துபோம். அவளுக்கன்றோ முன்வரிசை!

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகைமொழியையும் கருத்துப் பரிமாற்ற வழியாக ஏற்கிறது. நமக்கோ அதற்கு முன்பே உடையவர் காட்டிய வழி உண்டு. வரும் மார்கழியில் உபந்யாஸகர் அருகே சைகைமொழி அறிந்த ஒருவரை நிற்கச் செய்ய, கோஷ்டியார் இப்போதே தேடத் தொடங்கலாம்.