கடல் விளையாட்டும் பிறர் உயிரும்

பினாங்குத் தமிழரின் முன்னோர் பலர் கடலை அச்சத்தோடு கடந்து வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்டு, 1970களின் தொடக்கம் வரை தமிழகத் துறைமுகங்களுக்கும் பினாங்குக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலின் தளத்தில் பாய் விரித்துப் படுத்தவர்க்கு அலை விளையாட்டுப் பொருளன்று. கரை கண்ட பின்னும், ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் நாள் எண்ணியவர் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று விடுமுறையில் பத்து பெரிங்கி மணலில் நின்று, அதே கடலில் அச்சத்தைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. பாட்டன் அஞ்சிய நீரில் பேரன் சிரித்து விளையாடுவது ஒரு குடும்பத்தின் முன்னேற்றமேயாகும். விளையாட்டைப் பாவமென்று கருதும் அறநெறிக்கு உலர்ந்த நெஞ்சுதான் வேண்டும். ஆராய வேண்டியது வேறு. "என் உயிர், என் விருப்பம்" என்று நீரில் இறங்குகிறவன் உண்மையில் தன் உயிரை மட்டுந்தான் பணயம் வைக்கிறானா?

வான்குடைப் பறப்பை எடுத்துக்கொள்வோம். விசைப்படகு விரைய, கயிறு இறுக, கடலோரத்தில் ஓடத் தொடங்கியவன் மேலே எழுகிறான். அவன் உயரே இருக்கும் சில நிமிடங்களும் படகோட்டியின் கண்ணிலும் கையிலுமே அடங்கியுள்ளன. தாய்லாந்தின் பூக்கெட்டில், வாடிக்கையாளருக்கு இடுப்புவார் பூட்டிவிட்டு, தனக்கு எதுவுமின்றிக் கயிறுகளைப் பற்றியபடி உடன் பறக்கும் பணியாளரைக் காணலாம். களிப்பு ஒருவருக்கு, ஆபத்து மற்றொருவருக்கு! ஜெட் ஸ்கீ ஓட்டுபவனோ, அருகே குளிக்கும் குழந்தையின் சம்மதத்தைக் கேட்பதில்லை. எச்சரிக்கைக் கொடியை மீறி நீந்துபவன் மூழ்கினால், கரையில் நிற்பவர் எவரேனும் குதித்தே தீருவார். அவருக்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டு.

அறியாமல் நேரும் ஆபத்தை இதனோடு சேர்த்து எண்ணலாகாது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஆழிப்பேரலை பினாங்குக் கரைகளைத் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் 52 பேர் இம்மாநிலத்தில் மாண்டவர்கள். கடற்கரைக்கு இளைப்பாற வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அவர்கள்மீது எப்பழியும் சுமத்த இயலாது. அன்று எச்சரிக்க ஒரு குரலும் எழவில்லை. எச்சரிக்கை கிட்டிய பின் அதைப் புறக்கணிப்பதே வேறு வகையைச் சார்ந்தது. அங்கே விதியின்மேல் பழி போட இடமில்லை.

ஆயினும் இச்சுமை முழுவதும் விளையாட வந்தவனுடையதன்று. படகுக்காரனும் நாட்கூலிக்கு நிற்பவன். காற்று மாறிய பிற்பகலில் "இன்று வேண்டாம்" என்று படகைக் கட்டிவிடுபவன் தன் வருமானத்தையும் சேர்த்தே கட்டுகிறான். தூரதேசத்திலிருந்து வந்தவர் அவனிடம் முகம் சுளிக்கிறார். வேறு படகு தேடிக் கரையோரம் நடக்கிறார். பெரும்பாலும் ஒன்று கிடைத்தும் விடுகிறது.