பேசாப் பிள்ளையின் பெயரால்

கத்தோலிக்க இல்லமொன்றில் குழந்தை பிறந்துவிட்டால், தாயின் பத்தியம் முடியுமுன்பே மற்றோர் ஏற்பாடு தொடங்கிவிடுகிறது. புனிதர் வரிசையிலே பெயர் தேடுகின்றனர். ஞானத் தந்தை யார், ஞானத் தாய் யார் என்று உறவுக்குள்ளே ஆராய்ச்சி நடக்கிறது. வெண்ணிற ஆடை வருகிறது, மெழுகுவத்தி வருகிறது. பங்குச் சாமியாரிடம் சென்று நாள் குறித்து, அவர் கூறும் விளக்கங்களைப் பெற்றோர் பணிவுடன் கேட்டு வருகின்றனர். பெற்றோருக்கும் ஞானப் பெற்றோருக்கும் தக்க போதனை தரப்பட வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் விதி. பிறந்த சில வாரங்களுக்குள் ஞானஸ்நானம் நடைபெறப் பெற்றோர் ஆவன செய்ய வேண்டும் என்பதும் அச்சட்டமே. ஞானப் பெற்றோராக நிற்பவருக்குப் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது பொது விதி. பக்கத்தில் நின்று துணைபுரிபவருக்கு வயது வேண்டும், அறிவு வேண்டும், உறுதி வேண்டும். கட்டுண்ணப் போகிறவருக்கோ எதுவும் வேண்டா! எல்லோரையும் கேட்டாயிற்று, தொட்டிலில் கிடப்பவரை மட்டும் எவரும் கேட்கவில்லை.

அவர்கள் வீட்டு விழா, அதில் நமக்கென்ன வேலை என்று தோழர்கள் சிலர் எண்ணக்கூடும். வேலை இருக்கிறது. மதமறுத்து மணம் புரியும் இளைஞர் நம்மிடையே பலர். கத்தோலிக்கப் பெண்ணை அவள் கோயிலின் ஒப்புதலோடு மணக்க விரும்பும் தோழரை ஒரு விதி எதிர்கொள்கிறது. பிறக்கும் பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராக முழுக்காட்டி வளர்க்கத் தன்னால் இயன்றதெல்லாம் செய்வதாக அப்பெண் வாக்களிக்க வேண்டும். அவ்வாக்கு இன்னதென்று தோழருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும். பிள்ளை பிறக்கவில்லை, கருவிலும் இல்லை. அதற்குள் அதன் மதம் முடிவாகிவிடுகிறது. ஆகவே, கேலியும் கிண்டலும் செய்து ஒதுக்கத் தக்கதன்று இப்பொருள். ஒருவர் பெயரால் மற்றொருவர் உறுதிமொழி கூறலாமா என்பது அறத்தின் அடிப்படைக் கேள்வி.

இக்கேள்வியை நாத்திகர்தாம் முதலில் எழுப்பினர் என்று எண்ணிவிட வேண்டா. கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்திலே, கார்த்தேஜ் நகரத்துக் கிறித்தவ அறிஞர் தெர்த்துல்லியன் இதை எழுப்பினார். குற்றமறியாப் பருவத்துக்கு ஏன் இந்த அவசரம், வளர்ந்து கற்றுத் தெளிந்து தாமே வரட்டுமே என்பது அவர் வாதம். மிலான் நகர மக்கள் 374-இல் அம்புரோசைத் தம் ஆயராகத் தேர்ந்தபோது அவர் ஞானஸ்நானமே பெறாதவர். கிறித்தவத் தாய் மோனிக்காவின் மகனான அகஸ்தீனார், ஆசான்கள் பலரை நாடி, கொள்கைகள் பலவற்றை ஆராய்ந்து, 387-இல், முப்பத்திரண்டாம் வயதில், அதே அம்புரோசின் கையால் தாமே விரும்பி முழுக்குப் பெற்றார். பின்னர் அவரேதான், பிறவிப் பாவம் குழந்தையையும் பற்றியிருக்கிறது, முழுக்கின்றி இறக்கும் குழந்தைக்கும் விடுதலை இல்லை என்று வாதிட்டு, பச்சிளங் குழந்தையின் முழுக்குக்குப் பெருந்தூணாக நின்றார். தேடிக் கண்டடையும் பேறு தமக்குக் கிட்டியது. அடுத்த தலைமுறைக்கோ அச்சத்தை ஆஸ்தியாக்கினார்!

அந்த அச்சம் நூற்றாண்டுகள் பலவாகத் தாய்மாரின் நெஞ்சை வாட்டியது. முழுக்கின்றி இறந்த குழந்தைகளும் மீட்படைவர் என நம்ப இடமுண்டு என்று உரோமையின் இறையியல் ஆணையமே 2007-இல் எழுதிற்று. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், அச்சம் தளர்ந்த பின்னும் அவசரம் தளரவில்லையே, ஏன்?

மற்றொரு மாற்றத்தையும் நேர்மையோடு குறிப்பிட வேண்டும். பழைய சடங்கிலே குருவானவர் குழந்தையைப் பார்த்தே கேட்பார்: பசாசை விட்டுவிடுகிறாயா, விசுவசிக்கிறாயா என்று. ஞானப் பெற்றோர், குழந்தையே கூறுவதுபோல விடை கூறுவர். 1969-இல் வந்த புதிய சடங்கு இம்முறையை மாற்றியது. இப்போது பெற்றோரும் ஞானப் பெற்றோரும் தத்தம் விசுவாசத்தையே அறிக்கையிடுகின்றனர். பேசாத வாயில் பேச்சை வைப்பது பொருந்தாது என்று மாதாகோயிலே உணர்ந்ததற்கு இது சான்று அல்லவா? ஆனால், குரல்தான் பெற்றோருடையதாயிற்று. தண்ணீர் இன்னும் குழந்தையின் தலையில்தான் விழுகிறது.

இதற்கு அவர்கள் கூறும் விடை வலிமையானது. அதைத் தட்டிக் கழிப்பது பகுத்தறிவன்று. 1980-இல் உரோமை வெளியிட்ட அறிவுரை ஏறத்தாழ இவ்வாறு வாதிடுகிறது: பிள்ளையின் வாழ்வுக்கு இன்றியமையாதவற்றையெல்லாம் பெற்றோரே முடிவு செய்கின்றனர், எந்தச் சார்பும் தீண்டாத தூய சுதந்திரம் மனிதனுக்கு இல்லை, மதம் தராமல் விடுவதும் ஒரு முடிவுதான். உண்மைதானே? தாய்ப்பாலைக் கேட்டா கொடுத்தோம்? தாய்மொழியைக் கேட்டா புகட்டினோம்? தடுப்பூசி போடுமுன் குழந்தையின் கையொப்பம் பெற்றோமா?

பெறவில்லை. ஆயினும், கொடை வேறு, கட்டு வேறு. தமிழைப் புகட்டும் தாய், மற்ற மொழியெல்லாம் பொய்மொழி என்று பிள்ளையிடம் சூளுரை வாங்குவதில்லை. வளர்ந்தவன் பத்து மொழி பயிலலாம், பிறமொழியிலே வாழலாம், எவரும் அவனைத் துரோகி என்னார். தடுப்பூசியின் பயனை இந்துவும் இசுலாமியரும் கிறித்தவரும் நாத்திகரும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். ஞானஸ்நானமோ ஒரு நம்பிக்கையின் முத்திரை. அந்நம்பிக்கையை ஏற்றவர்க்கே விளங்கும் நன்மை. கொடையா கட்டா என்று அறிய உரைகல் ஒன்றுண்டு: பெற்றவர் வளர்ந்தபின் அதைக் கீழே வைக்க முடியுமா? முடியுமானால் கொடை, முடியாதெனில் கட்டு. இம்முத்திரை அழியாதது என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. மதத்தை விட்டுப் போகலாம், மறுத்துப் பேசலாம். அவர்கள் கணக்கிலே முழுக்குப் பெற்றவர் முழுக்குப் பெற்றவரே.

அழியாத முத்திரை என்ற கோட்பாட்டின் கையில் அரசாங்கமும் சேர்ந்தால் என்ன நேரும்? 1858-இல் இத்தாலியின் பொலோஞா நகரம் அதைக் கண்டது. அப்போது அந்நகரம் போப்பரசரின் ஆட்சியில் இருந்தது. எட்கார்தோ மொர்த்தாரா என்னும் யூதச் சிறுவன் கைக்குழந்தையாக நோயுற்றிருந்தபோது, வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி இரக்கத்தால் இரகசியமாகத் தண்ணீர் தெளித்துவிட்டாள். செய்தி வெளிப்பட்டதும், முழுக்குப் பெற்றவனை யூதர் வளர்க்கலாகாது என்று காவலர் வந்து, ஆறு வயதுப் பாலகனைப் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். ஒன்பதாம் பத்திநாதர் என்னும் போப்பரசர் அவனைத் தம் ஆதரவில் வளர்த்தார். அவன் குருவாகி, 1940-இல் பெல்ஜியத்தில் இறந்தான். அவனே விரும்பித்தானே குருவானான் என்பர். விருப்பத்தை வார்ப்படமாக வார்த்துவிட்டு, வார்த்தெடுத்த விருப்பத்தையே சான்றாகக் காட்டுவது எந்த நாட்டு நியாயம்?

அது பழங்கதை, அயல்நாட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் அந்தத் துளி நீருக்கு அரசின் ஏட்டிலே எடை உண்டு. 1950-ஆம் ஆண்டு ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு வழங்கியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தது. அத்திருத்தங்களில் கிறித்தவர் இடம்பெறவில்லை. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று புதுவையைச் சேர்ந்த பெண்ணுடையது. பிறந்து மூன்று மாதம் நிறையுமுன்பே அவருக்கு ஞானஸ்நானம் நடந்திருந்தது. தாம் இந்து என்றும், பட்டியல் சாதிச் சான்று வேண்டும் என்றும் கேட்டார். கோயிலுக்குத் தொடர்ந்து சென்றுவந்தவர் என்பதோடு, அந்தக் குழந்தைப்பருவ முழுக்கும் அவருக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாயிற்று. மன்றத்தின் முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். மூன்று மாதமும் நிறையாத சிசு பேசாத பேச்சு, முப்பது ஆண்டுக்குப் பின் மன்றத்திலே பேசியதே, அதுதான் நம் கவலை.

அந்நீர் சாதியையாவது கழுவிற்றா? நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் ஆலயத்திலே, ஒரே பீடத்தை நோக்கியவரைச் சாதியின் பெயரால் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரியாத பிறவிப் பாவம் ஒரு துளியில் கரைந்தது. கண்ணெதிரே நின்ற பிறவிக் கொடுமை கரையவில்லை!

என்ன செய்யலாம்? விடை அவர்கள் சட்டத்திலேயே இருக்கிறது. ஏழு வயது கடந்து அறிவு பெற்றவருக்கு, அவர் தாமே விரும்பினாலன்றி ஞானஸ்நானம் தரலாகாது என்கிறது அது. விருப்பத்தின் மாண்பை அச்சட்டம் அறியும். அறிந்தும், விருப்பம் முளைக்குமுன்பே முடித்துவிட விரைகிறது. காத்திருங்கள் என்கிறோம் நாம். பெயரிடுங்கள், கொஞ்சுங்கள், உற்றாரைக் கூட்டி விருந்திடுங்கள். உங்கள் விசுவாசத்தை அறிக்கையிடுங்கள். அது உங்கள் உரிமை. குழந்தையின் வாக்கைக் குழந்தைக்கே விட்டுவையுங்கள்.

மதமறுத்து மணந்த தோழருக்கும் ஒரு சொல். மனைவியின் கண்ணீர்மீது உன் கொள்கையை நிலைநாட்டாதே, மௌனமாகவும் இருந்துவிடாதே. “நம் பிள்ளை உன் வேதத்தையும் கேட்கட்டும், என் கேள்விகளையும் கேட்கட்டும், முடிவு அதன் கையில்” என்று சொல். இசைந்தால் மகிழ்ச்சி. அவள் இசையாமல் முழுக்கு நடந்தேவிட்டால், அதனால் உன் கடமை முடிந்துவிடாது. கேள்வி கேட்கும் பிள்ளையை எவரும் அதட்டாத இல்லமாக உன் இல்லத்தைக் காத்து நில்.

நம் இல்லங்களுக்கும் இதே உரைகல்தான். மேடையிலே தலைவர் கையில் குழந்தையைக் கொடுத்துப் பெயர் சூட்டுகிறோம். பெயர் கொடை, வளர்ந்தவர் விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால், இவன் பிறவியிலேயே பகுத்தறிவாளன் என்று நாம் மார்தட்டும் கணமே, நாமும் ஒரு தொட்டியில் நீர் நிரப்பத் தொடங்கிவிட்டோம். ஆராயாமல் ஏற்ற நாத்திகம் எப்படிப் பகுத்தறிவாகும்?

பெற்றோர் செய்ய வேண்டிய ஆயத்தம் ஒன்றே ஒன்று. ஆடையன்று, மெழுகுவத்தியன்று, கறுப்புச் சட்டையுமன்று. இன்று மடியில் உறங்கும் இப்பிள்ளை, நாளை நிமிர்ந்து நின்று, “நீங்கள் நம்பியதை நான் நம்பவில்லை” என்று கூறுமானால், அன்றும் அதற்குச் சோறிட்டு, பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் உள்ளத்தை இன்றே பழக்கிக்கொள்வதுதான் அது. அந்த உறுதிமொழியைப் பெற்றோர் தம் பெயராலேயே கூறலாம். அதற்கு எந்தக் குழந்தையின் வாயும் வேண்டியதில்லை.