களைக்கு ஒரு பெயர்

இங்கிலாந்தில் படித்த காலத்தில், வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாக வீட்டுக்காரம்மா சொன்னதால் அவருடைய பின்வாசல் புல்தரையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டேன். போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஏன்டா, புல்லு புடுங்கவா அவ்ளோ தூரம் போன?" என்றார்.

எனக்கு எல்லாம் ஒரே பச்சைதான். வீட்டுக்காரம்மா மண்டியிட்டுச் சொல்லிக்கொடுத்தார். ரைகிராஸ் இலையின் அடிப்பக்கம் எண்ணெய் தடவியது மாதிரி மின்னும். தண்டின் அடி செந்நீலமாக இருக்கும். போவா அன்னுவா வெளிறிய பச்சை. இலை நுனி படகு முகப்பைப்போல் குவிந்திருக்கும். இலையும் தண்டும் சேருமிடத்தில் மெல்லிய வெள்ளைச் சவ்வு தெரியும். எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் பூத்து விதை போட்டுவிடும். முதலாவது இருக்கணும், ரெண்டாவது போகணும். பாடம் அவ்வளவுதான்.

ஒரே மாதத்தில் என் கண் மாறிவிட்டது. பூங்காவில் நடந்தால்கூட போவா அன்னுவா தெரிந்தது. தெரிந்த உடனே எரிச்சலும் வந்தது. ஒன்றை அடையாளம் காணக் கற்றபோதே அதன்மீதான தீர்ப்பையும் சேர்த்துக் கற்றிருக்கிறேன். இரண்டையும் என்னால் பிரிக்க முடியவில்லை.

விம்பிள்டன் ஆடுகளங்களில் 2001 முதல் முழுக்க ரைகிராஸ்தான். ஆட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறார்கள். அதே சமயம் அமெரிக்காவில் பெபிள் பீச், ஓக்மாண்ட் கோல்ஃப் திடல்களில் பந்து உருளும் பச்சைத் தரை போவா அன்னுவா. அங்கே அதற்குத்தான் ராஜ உபசாரம். அப்படியானால் களை என்பது புல்லின் குணமா, நம் தீர்ப்பா?

தீர்ப்புதான் என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் அந்தப் புல்லின் வேர் பெரும்பாலும் மேலாகவே நிற்கும். மழை பொய்த்த கோடையில் முதலில் காய்ந்து தரையைச் சொட்டையாக்கும். வீட்டுக்காரம்மாவின் கவலை வெறும் அழகுப் பைத்தியம் இல்லை. தீர்ப்புக்குக் காரணம் இருந்தது.

நான் கவனிக்காதது வேறு. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெட்டக்கூடாது. நானோ, அடிக்கடி வெட்டச் சோம்பல்பட்டு, மொட்டையடித்தேன். ரைகிராஸ் மெலிந்தது. மிதிபட்டு இறுகிய மண்ணில் போவா அன்னுவா வந்து உட்கார்ந்தது. நான் பிடுங்கிய களைக்கு இடம் போட்டுக் கொடுத்ததே நான்தான்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா, "மருந்து வாங்கி அடிச்சிடலாமா?" என்ற பொருளில் கேட்டார். எனக்குப் பாட்டி ஞாபகம் வந்தார். தோட்டத்தில் அவருக்கு மருந்தடிக்கிற வேலை. முதுகில் பம்பைச் சுமந்து பால்மர நிரைகளுக்கிடையே நடப்பார். விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்தது யாரோ. பாட்டியின் நகங்கள் நிறம் மாறி உடைந்திருந்தன. தோட்டங்களில் அடித்த பாராகுவாட்டை மலேசியா முழுதாகத் தடை செய்தது 2020இல். அதைப் பார்க்கப் பாட்டி இல்லை. எது களை என்று முடிவெடுத்தவர்கள் வேறு. அந்த முடிவைத் தோளில் சுமந்தவர் வேறு.

தீர்ப்பே வழங்காமல் வாழ முடியாது. சோறு வேண்டுமென்றால் வயலில் களை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் தீர்ப்பு சொல்கிறவருக்கு அதன் விலை தெரிந்திருக்கணும். முடிந்தால் அதில் கொஞ்சத்தையாவது அவரே கொடுக்கணும். விலை முழுக்க அடுத்தவர் உடம்பிலிருந்து போகும்போது நமக்கு எதுவும் களையாகத் தெரியலாம்.

மருந்து வேண்டாம், கையாலேயே எடுக்கிறேன் என்றேன். வெட்டும் கத்தியை உயர்த்தி வைத்தேன். அதனால் நான் ஒன்றும் நல்லவனாகிவிடவில்லை, முழங்கால்தான் வலித்தது. நடைபாதை ஓரத்தில் முளைத்ததை மட்டும் விட்டுவைக்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்கே நான் நடக்கிறதில்லை, இருக்கட்டும்" என்றார்.