சாவியும் பொறுப்பும்

உழைத்துச் சேர்த்த பணத்தை யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்வி மலையக மக்களுக்குப் புதியதன்று. கங்காணி முறை நிலவிய நாளில் தொழிலாளியின் கடன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்ப்பவரே அவனைத் தம் தோட்டத்துக்கு அழைத்துச் செல்லலாம். அவனது வாழ்வை நிர்ணயித்த அந்தத் துண்டு அவன் கையில் இருக்கவில்லை. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

இன்று வட்டகொடைத் தோட்டத்து லயங்களிலிருந்து கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞரின் காதில் வேறொரு துண்டுக் கடதாசியைப் பற்றிய பேச்சு விழுகிறது. 2022இல் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. சேமித்த பணம் கண்முன்னே கரைவதைக் கண்டவர்கள், “எந்த அரசும் தொட முடியாத பணம்” என்று சொல்லப்படும் கிரிப்டோ நாணயத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. அவர்களைப் பேராசைக்காரர் என்று இகழ்வது நீதியாகாது.

இந்நாணயத்தைக் காப்பதற்கென விற்கப்படுவது ‘ஹார்ட்வேர் வாலட்’ என்னும் விரலளவுக் கருவி. உண்மையில் அதனுள் பணம் இல்லை. பணத்தை அசைக்கும் இரகசியச் சாவியே இருக்கிறது. கருவி தொலைந்தால் சாவியை மீட்பதற்கு 12 அல்லது 24 சொற்கள் தரப்படுகின்றன. அவற்றைக் கடதாசியில் எழுதி மறைத்து வைக்க வேண்டும். 2048 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. ஆங்கிலம், ஜப்பானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் அப்பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. தேயிலை பறித்தவளின் மகன் தன் சேமிப்பு முழுவதையும் அந்நிய மொழிச் சொற்களிடம் ஒப்படைக்கிறான்.

கருவியும் கடதாசியும் ஒருங்கே தொலைந்தால் என்ன செய்வது? கம்பனியின் உதவிப் பிரிவுக்கு எழுதலாம். “எங்களிடம் உமது சாவி இல்லை” என்பதே பதிலாக வரும். அது பொய்யன்று, சாவியை வைத்திராமையே கருவியின் சிறப்பு. எனினும், உதவ இயலாமையையே சிறப்பாகக் கொண்ட ஒன்றைச் சுதந்திரம் என்று முழுமனதாக அழைக்க நம்மால் இயலுமா?

உதவி தேடுபவனுக்கு இன்னோர் அபாயமும் உண்டு. 2020இல் லெட்ஜர் கம்பனியிடமிருந்து ஏறத்தாழ 2,72,000 வாடிக்கையாளரின் பெயர்களும் முகவரிகளும் தொலைபேசி எண்களும் வெளியே கசிந்தன. 2024 ஜனவரியில் ட்ரெசர் கம்பனியின் உதவிப் பிரிவை நாடியவர்களில் 66,000 பேர் வரையானோரின் தொடர்பு விபரங்கள் அம்பலமாகியிருக்கலாம் என்று அக்கம்பனியே அறிவித்தது. மோசடிக்காரர் இத்தகைய விபரங்களைக் கொண்டு உதவியாளர் வேடத்தில் வந்து அச்சொற்களைக் கேட்கின்றனர். உண்மையான உதவியாளர் அவற்றை ஒருபோதும் கேட்பதில்லை. ஏமாறுபவன் அறிவிலி அல்லன். கலங்கிய வேளையில் ஒரு மனிதக் குரலைத் தேடியவன்.

“வங்கியும் அரசும் மட்டும் நம்பிக்கையைக் காத்தனவா?” என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வி. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஊழியர் சேமலாப நிதி தொழிலாளியின் முதுமைக்குரிய பணம். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது அந்நிதியின் முறிகளிலேயே கைவைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் குரல் எழுப்பின. தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் எதிர்ப்பதற்கு ஓர் அரசும் சுட்டிக்காட்ட ஒரு சட்டமும் இருந்தன. கிரிப்டோ நாணயத்தைப் பற்றியோ, அது ஒழுங்குபடுத்தப்படாதது என்று மத்திய வங்கி 2022 ஜூலையிலும் எச்சரித்தது. அங்கே இழந்தவன் எவர் வாசலில் நின்று நியாயம் கேட்பான்?

2023இல் லெட்ஜர் கம்பனி, சாவியை மூன்று கூறாக்கி மூன்று நிறுவனங்களிடம் வைத்துக் காக்கும் கட்டணச் சேவையொன்றை அறிவித்தது. வாடிக்கையாளர் பலர் கொதித்தெழுந்தனர். எவரையும் நம்ப வேண்டியதில்லை என்று தொடங்கிய பாதை, மீண்டும் பிறரை நம்பும் இடத்துக்கே வந்து சேர்ந்தது. மனிதன் மறப்பான், நோயுறுவான், இறப்பான். ஆகவே அவனுக்குப் பிற மனிதர் வேண்டும். நம்பிக்கையை ஒழிப்பது விடுதலையாகாது. நம்பப்படுபவனைப் பதில் சொல்ல வைப்பதே விடுதலை.

பிறர் கையிலிருந்த துண்டு நம்மை அடிமையாக்கியது. நம் கையிலுள்ள துண்டு நம்மைத் தனியனாக்கக் கூடாது. அச்சொற்களை எவர் கேட்டாலும் கொடாதே என்று மாணவர்க்குச் சொல்வது ஆசிரியரின் முதற் கடமை. அதனோடு, வங்கியாயினும் நிதியாயினும் கருவியாயினும், சேமிப்பை ஒப்படைக்குமுன் ஒரு கேள்வியைக் கேட்கவும் அவர்களைப் பழக்குவோம்: “தவறு நேர்ந்தால் யாரிடம் போய்க் கேட்பது?”