மறுகரையில் உட்கார்ந்திருந்தவர்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடிக்க ஒரு பக்கம் எழுதித் தரும்படி தம்பி கேட்டான். வீட்டில் தமிழ் படித்தவள் நான்தான், கவிதை எழுதுகிறவளும் நான்தான். ஒரே இரவில் எழுதி முடித்தேன். 'நாற்பது ஆண்டுகள் தன்னந்தனியாகத் தறியில் அமர்ந்து கோர்வைப் பட்டு நெய்த கலைஞர். அன்பான கணவர். மகளைக் கல்லூரி ஆசிரியையாக உயர்த்திய தந்தை.' அழுதுகொண்டே எழுதிய வரிகள். காலையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "நல்லா இருக்கு" என்றார். அடுப்படிக்குப் போனவர் வாசற்படியில் நின்று திரும்பி, "தன்னந்தனியாவா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஒரு சொல் என்னை இன்றுவரை விடவில்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையைப் பார்த்திருப்பீர்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அவை இரண்டு துணிகளைச் சேர்த்துத் தைத்தவை அல்ல. நெய்யும்போதே ஒவ்வொரு இழையிலும் கோர்க்கப்படுபவை. அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இரண்டு கைகளுக்கு இது எட்டாது. அதனால் மறுகரையில் இன்னொருவர் உட்கார வேண்டும். நெய்பவர் நாடாவை அனுப்ப, அவர் அதைக் கரை இழையோடு கோர்த்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர் கை ஒருமுறை தளர்ந்தாலும் உடலும் கரையும் சேருமிடத்தில் கண் தெரியும். ஒரு புடவைக்கு இப்படி ஆயிரக்கணக்கான முறை.

ஒன்பது வயதிலிருந்து அந்த மறுகரையில் உட்கார்ந்தவள் நான். பள்ளிக்கு முன்பு இரண்டு மணி நேரம், வந்த பிறகு விளக்கு வைக்கும்வரை. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் தொழிலுக்கு விலக்கு அளித்திருந்தது. வீட்டுக்குள் நடப்பது வேலையே அல்ல என்று அம்மாவின் விஷயத்தில் ஊர் நினைத்ததை, என் விஷயத்தில் சட்டமும் நினைத்தது.

எட்டாம் வகுப்புக்கு வந்தபோது அம்மா ஒருநாள், "நீ எழுந்திரு, போய்ப் படி" என்று என்னை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதுவரை அவருக்கு வேலை இல்லாமல் இருக்கவில்லை. பட்டு இரைப்பது, தார் சுற்றுவது, பாவு தோயும்போது தெருவில் ஒரு முனையைப் பிடிப்பது, சமையல், தண்ணீர், மாமியாருக்கு மருந்து. எதுவும் குறையவில்லை. அடுப்பு பற்றவைக்கும் நேரம் ஐந்திலிருந்து மூன்றரைக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். நான் முனைவர் பட்டம் வாங்கியபோது தெருவே அப்பாவைப் பாராட்டியது. தறிக்காரர் மகளைப் படிக்கவைத்தாரே என்றது. நான் எழுதியதும் அதே வாக்கியம்தான்.

அப்பா நல்லவர். இதைச் சொல்லாமல் மேலே போனால் நான் பொய் சொன்னவளாவேன். குடித்ததில்லை, அடித்ததில்லை. கூலி வாங்கி வந்தால் பணத்தை எண்ணாமல் அம்மா கையில் கொடுப்பார். ஜரிகையைத் தொட்டே தரம் சொல்வார். அவர் நெய்த கரையில் விரலை ஓட்டினால் சேர்ந்த இடமே தட்டாது. எனக்குக் காய்ச்சல் வந்த இரவுகளில் தறியைவிட்டு எழுந்து வந்து ஈரத்துணி போட்டவர் அவர். அந்த அன்பில் கலப்படம் இல்லை.

ஆனால் கூட்டுறவுச் சங்கத்தின் அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. ஒரு தறி, ஓர் உறுப்பினர், ஒரு கூலி. மறுகரையில் இருந்தவருக்குத் தனிக் கணக்கு இல்லை. 2019–20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களில் 70 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் பெண்கள். ஆனாலும் 'நெசவாளர்' என்றதும் நம் மனதில் வரும் உருவம் எது? எனக்கு வந்தது அப்பாவின் முதுகுதான். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளாகிய எனக்கே அப்படி.

மொழியும் இதையே செய்கிறது. இழைக்கும் ஏட்டுக்கும் தமிழில் 'நூல்' என்று ஒரே பெயர். ஆண்துணையற்ற பெண்கள் தம் உழைப்பால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை அறிந்திருக்கிறது. நன்னூலின் பாயிரம் இன்னும் நெருங்கி வருகிறது. சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் சொல்லும் அந்தச் சூத்திரம், புலவனை நூற்கும் பெண்ணாகச் சொல்கிறது. நூல் எப்படி உண்டாகிறது என்று விளக்க இலக்கணக்காரருக்கு ஒரு பெண்ணின் வேலையைப் பார்க்க வேண்டியிருந்தது. விளக்கம் முடிந்ததும் புலவன் நிற்கிறான். அவள் உவமைக்குள் போய்விடுகிறாள். இருபது வருடமாக இதை வகுப்பில் நடத்துகிறேன். அம்மா கேட்ட பிறகுதான் இந்த இடம் என் கண்ணில் பட்டது.

தம்பியிடம் வரியை மாற்ற வேண்டும் என்றேன். "சாவு வீட்டில் கணக்குப் பார்க்கிறாயா அக்கா?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. இறந்தவர் பதில் சொல்ல முடியாது. அவரைப் பற்றிப் பேசும்போது குறையை மறைத்து நிறையைச் சொல்வது ஒரு மரியாதை. அந்த மரியாதையை நான் மறுக்கவில்லை. ஆனால் இரங்கல் குறிப்பும் ஒரு கணக்குதான். யார் உழைத்தார், யார் உயர்த்தினார் என்று அது ஏற்கெனவே எழுதிவைக்கிறது. நான் கேட்டது புதுக் கணக்கு அல்ல. தவறான பதிவைத் திருத்தவே கேட்டேன். அப்பாவின் குறையை மறைப்பது ஒன்று. அம்மாவின் உழைப்பை எடுத்து அப்பாவின் பெயரில் எழுதுவது வேறொன்று. முதலாவதை மரியாதை என்பேன். இரண்டாவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

உண்மை சொன்னால் அப்பா சிறுத்துவிடுவாரா என்பது அடுத்த கேள்வி. அவர் திறமை பொய்யல்ல. இன்னொருவர் கையின் வேகத்தைக் கேட்டு, அதற்கு ஏற்ப மிதியை அழுத்துவதும் அந்தத் திறமையின் பகுதிதான். தனியாக நெய்தார் என்று எழுதினால் அவர் தொழிலையே நாம் புரிந்துகொள்ளவில்லை என்றாகும். அதே நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல மனிதர்களும் அநியாயமான ஏற்பாட்டின் வசதியில் வாழ முடியும். அதற்குக் கொடுமைக்காரராக இருக்கத் தேவையில்லை. வாய் திறக்காமல் இருந்தாலே போதும்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. அம்மாவே இதை விரும்பவில்லை. "அவரு போன பிறகு அவரு பேருல பாதிய நான் புடுங்கிக்கணுமா? உங்கப்பா பேரைக் குறைக்காத" என்றார். விட்டுக்கொடுக்கப் பழக்கிய சமூகம் பேசுகிறது என்று நான் எளிதாகச் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் அம்மாவின் காதலையும் முடிவையும் என் கோட்பாட்டுக்குக் கீழே தள்ளியவளாவேன். அவருக்காகப் பேசுகிறேன் என்று அவர் வாயை மூடுவதும் ஒரு பறிப்புதான்.

சில நாள் கழித்து, முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவரே பேசினார். "முதலாளி வந்து புடவைய விரிச்சுப் பாத்துட்டு, 'என்னா கை சுத்தம்யா உனக்கு'ன்னு சொல்வாரு. உங்கப்பா சிரிப்பாரு. நான் அங்கதான் உக்காந்திருப்பேன். ஒரு தடவையாவது திரும்பி என்னப் பாத்திருக்கலாம்." கீரையை முறத்தில் தட்டிவிட்டு எழுந்துபோனார்.

பணம் கேட்கவில்லை, பெயர் கேட்கவில்லை. ஒரு பார்வை. அதைக் கொடுத்திருக்கக்கூடியவர் இப்போது இல்லை. நான் எதை எழுதினாலும் அது அந்தப் பார்வைக்கு ஈடாகாது. நினைவுக்குறிப்பு நீதி வழங்கிவிடும் என்று நம்ப எனக்கு இப்போது தைரியம் இல்லை.

ஆனால் என் கடன் என்னுடையது. அதை ஒப்புக்கொள்ள யார் அனுமதியும் வேண்டாம். குறிப்பு அச்சாகும்போது 'தன்னந்தனியாக' என்ற சொல்லை எடுத்தேன். 'மகளை உயர்த்திய தந்தை' என்ற வரிக்குப் பதிலாக, 'மகள் படிப்பதற்காக மனைவி தறியில் அமர்ந்தார், இருவரும் நெய்தார்கள்' என்று எழுதினேன். தம்பி முகம் சுளித்தான், ஆனால் அச்சுக்குக் கொடுத்தான். முருங்கைக்கீரை ஆய்ந்த அன்று சொன்னதை இங்கே எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ. உங்கப்பா நல்லவருன்னும் எழுது" என்றார்.

இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் என்றாவது தங்கள் அப்பாவைப் பற்றி இப்படி ஒரு பக்கம் எழுத வேண்டிவரும். அன்போடு எழுதுங்கள். எழுதி முடித்ததும், அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் வாசற்படியில் திரும்பி நின்று ஏதாவது கேட்கிறாரா என்று கொஞ்ச நேரம் காத்திருங்கள்.